டிலுக்கப் போட்ட ரிப்போர்ட் ஏன் நகர மறுக்கிறது?

கேள்வி இதுதான். ஒரு மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் முழுக்க மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. டேபிள்கள் இருக்கும் ஃபைல் இன்னொரு கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கிறது. மாதக் கடைசியில் எடுக்கும் விற்பனை ரிப்போர்ட்டில் சுமார் 12,000 வரிகள். ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் பெயர், பொருளின் வகை, ஜிஎஸ்டி விகிதம் மூன்றையும் டிலுக்கப் (DLookup), அதாவது இன்னொரு டேபிளில் தேடி ஒரு மதிப்பை எடுத்துத் தரும் ஃபங்ஷன், கொண்டு வருகிறது. அதுவரையான பாக்கியை டிசம் (DSum) என்ற ஃபங்ஷன் கூட்டித் தருகிறது. வரிகள் குறைவாக இருந்த காலத்தில் சட்டென்று திறந்த ரிப்போர்ட், இப்போது பல நிமிடம் எடுக்கிறது. "டிலுக்கப்பே ஸ்லோ, அதைத் தொடாதே" என்கிறார் ஒருவர். "இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப்பட்டியல்) போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டிலும் பாதிதான் சரி. ஒரு டிலுக்கப்பைத் தனியாக எடுத்தால் அது ஸ்லோவே இல்லை. ஒரு ஃபார்மில் ஒரு பெயரைக் காட்ட அதைப் போட்டால் கண்ணுக்கே தெரியாத நேரத்தில் வேலை முடிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டை இழுப்பது, அது எத்தனை முறை கூப்பிடப்படுகிறது என்பது. 12,000 வரி, வரிக்கு மூன்று என்றால் 36,000 தனித்தனித் தேடல்கள். ஒரு தேடலுக்கு 3 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 108 வினாடி ஆகிறது. நெட்வொர்க்கைத் தாண்டிப் போவதால் அது 10 மில்லிசெகண்ட் ஆனால் 6 நிமிடம். டிசம்மை இந்தக் கணக்கில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஒரு டிலுக்கப்பைக் கூப்பிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதற்கு நீங்கள் கொடுப்பது மூன்று எழுத்துச் சரங்கள்: எந்த ஃபீல்டு, எந்த டேபிள், என்ன நிபந்தனை. அந்த மூன்றையும் கோர்த்து ஆக்சஸ் ஒரு புதுக் குவெரியை (டேபிளிடம் தரவு கேட்கும் கட்டளையை) தயாரிக்கிறது, அதன் இலக்கணத்தைச் சரிபார்க்கிறது, எப்படித் தேடுவது என்று திட்டம் போடுகிறது, டேபிளைத் திறக்கிறது, ஒரு வரியைப் படிக்கிறது, மூடுகிறது. அடுத்த வரிக்கு வந்ததும் இத்தனையும் முதலிலிருந்து. போன வரியிலும் இதே வாடிக்கையாளர்தான் என்றாலும் அதற்கு அது ஞாபகம் இருக்காது.

இதில் முக்கியமான விஷயம், உங்கள் பெரிய குவெரியை ஓட்டும் டேட்டாபேஸ் எஞ்சினுக்கு டிலுக்கப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதன் பார்வையில் அது ஒரு ஃபங்ஷன், கூப்பிட்டால் ஒரு மதிப்பு வரும், அவ்வளவுதான். "இந்த 12,000 வரிக்கும் வாடிக்கையாளர் டேபிள் வேண்டும், ஒரே வீச்சில் படித்துப் பொருத்திவிடலாம்" என்று முடிவெடுக்க அதற்கு வழியே இல்லை. ஜாயின் போட்டால், அதாவது இரண்டு டேபிள்களைப் பொதுவான எண்ணை வைத்து இணைக்கச் சொன்னால், அந்த முடிவை எடுப்பதுதான் அதன் தொழில்.

இண்டெக்ஸ் விஷயத்துக்கு வருவோம். நிபந்தனையில் வரும் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் டேபிளை முழுசாகப் புரட்டும். வாடிக்கையாளர்கள் 5,000 பேர் என்றால் 12,000 வரிக்கு 6 கோடி வரிகள் வரை படிக்க வேண்டி வரும். இண்டெக்ஸ் போட்டால் அது சில பக்கங்களாகச் சுருங்கும். அதனால் இண்டெக்ஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் எண்ணை நீங்கள் ஏற்கெனவே பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக) வைத்திருப்பீர்கள். அதற்கு இண்டெக்ஸ் தானாகவே இருக்கும். அப்படியிருந்தும் மெதுவாக ஓடுகிறது என்றால் நேரம் போவது தேடலில் இல்லை, திறப்பதிலும் மூடுவதிலும். அந்தச் செலவை எந்த இண்டெக்ஸும் குறைக்காது.

ஷேர்டு ஃபோல்டரில் ஃபைல் இருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சஸில் சர்வர் என்று ஒன்று வேலை செய்வதில்லை. எஞ்சின் ஓடுவது உங்கள் கணினியில்தான். தூரத்தில் இருக்கும் ஃபைலின் பக்கங்களை அது நெட்வொர்க் வழியாக இழுத்துப் படிக்கிறது. அந்த ஃபைலை யாரும் திறந்து வைக்காத நேரத்தில் உங்கள் டிலுக்கப் போய்த் திறந்தால், பக்கத்தில், யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைல் ஒன்று உருவாகும். மூடியதும் அது அழிக்கப்படும். ஒவ்வொரு தேடலுக்கும் இந்த உருவாக்கலும் அழித்தலும் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆக்சஸ் திறந்ததுமே அந்த ஃபைலிலிருந்து லிங்க் செய்த ஏதாவது ஒரு சின்ன டேபிளைப் பிடித்துக்கொண்டு மறைவாக ஒரு ஃபார்ம் திறந்தே இருக்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டிலுக்கப்பை எடுக்கிறீர்களோ இல்லையோ, இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

சரி, குவெரியாகத் திறந்தால் உடனே வருகிறது, ரிப்போர்ட்டாகத் திறந்தால் மட்டும்தான் தாமதம் என்று பலர் குழம்புவார்கள். குவெரியை டேட்டாஷீட்டில் திறக்கும்போது திரையில் தெரிகிற முப்பது நாற்பது வரிகளுக்கு மட்டும்தான் ஆக்சஸ் அந்த ஃபங்ஷனைக் கணக்கிடுகிறது. கீழே உருட்டினால் அங்கங்கே தயங்குவதைப் பார்க்கலாம். கடைசி வரிக்குப் போகச் சொன்னால்தான் உண்மை ஓரளவு தெரியும். டிலுக்கப் இருக்கும் ஃபீல்டை வைத்து வரிசைப்படுத்தினாலோ, அதில் நிபந்தனை போட்டாலோ, முதல் வரியைக் காட்டுவதற்கு முன்பே எல்லா வரிகளையும் கணக்கிட்டாக வேண்டும். ரிப்போர்ட்டுக்கோ எப்படியும் எல்லா வரிகளும் வேண்டும்.

அதற்கு மேல் ரிப்போர்ட்டின் அடியில் "பக்கம் 1 / 240" என்று மொத்தப் பக்க எண்ணைப் போட்டிருந்தீர்கள் என்றால், மொத்தம் எத்தனை பக்கம் என்று தெரிய முதல் பக்கத்தைக் காட்டும் முன்பே ரிப்போர்ட் முழுவதையும் அமைத்துப் பார்க்க வேண்டும். டிலுக்கப்பை ரிப்போர்ட்டின் டெக்ஸ்ட் பாக்ஸிலேயே எழுதியிருந்தால் அத்தனை தேடலும் அந்தச் சுற்றிலேயே நடக்கிறது; பக்கங்களைப் புரட்டும்போதும் அச்சடிக்கும்போதும் மறுபடி நடக்கலாம். மொத்தப் பக்க எண்ணை எடுத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் பக்கம் சீக்கிரம் வந்தால், நேரம் எங்கே போகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி மாற்றும் வழி. வாடிக்கையாளர் பெயரும் பொருள் வகையும் சுலபம். ரிப்போர்ட்டின் அடிப்படைக் குவெரியை டிசைன் வியூவில் திறந்து, வாடிக்கையாளர் டேபிளை உள்ளே கொண்டு வாருங்கள். பில் டேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணைப் பிடித்து இழுத்து வாடிக்கையாளர் டேபிளின் எண் மீது விடுங்கள். நடுவில் வரும் கோட்டை இருமுறை சொடுக்கினால் மூன்று தேர்வுகள் வரும். அதில் "பில் டேபிளின் எல்லா வரிகளும், வாடிக்கையாளர் டேபிளில் பொருந்துகிறவை மட்டும்" என்று சொல்வதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் லெஃப்ட் ஜாயின்.

ஏன் லெஃப்ட் ஜாயின்தான் வேண்டும் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறைய ரிப்போர்ட்டுகள் வேகமாகி, தப்பாகவும் ஆகின்றன. டிலுக்கப்புக்குப் பொருத்தம் கிடைக்காவிட்டால் அது வெற்று மதிப்பைக் கொடுக்கும்; பில் வரி அப்படியே இருக்கும், பெயர் மட்டும் காலியாக வரும். சாதாரண ஜாயின் போட்டால் பொருத்தம் இல்லாத பில் வரியே காணாமல் போகும். ரொக்க விற்பனைக்கு வாடிக்கையாளர் எண்ணைக் காலியாக விடும் பழக்கம் உங்கள் கடையில் இருந்தால், மாத விற்பனையில் ரொக்கம் முழுவதும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எதிர்ப்பக்கம் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பொருள் வகை டேபிளில் ஒரே பொருள் எண் தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தால், டிலுக்கப் அதில் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எதை எடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதே இடத்தில் ஜாயின் போட்டால் அந்தப் பொருளின் ஒவ்வொரு பில் வரியும் இரண்டாகும். விற்பனைத் தொகை வீங்கும். ஜாயின்தான் தப்பு என்று நினைக்கக்கூடாது. டேபிளில் ஏற்கெனவே இருந்த குறையை டிலுக்கப் மூடி வைத்திருந்தது, ஜாயின் அதைக் காட்டிக் கொடுக்கிறது. மாற்றுவதற்கு முன்பே ஆக்சஸில் இருக்கும் டூப்ளிகேட் கண்டுபிடிக்கும் குவெரி விசார்டை ஒருமுறை ஓட்டி டேபிளைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் அந்த எண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். இரண்டாவது பதிவு இனி உள்ளேயே வராது.

மூன்றாவது ஃபீல்டு ஜிஎஸ்டி விகிதம். இதைத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பார்ப்பேன், ஏனென்றால் இங்கே வேகமும் சரியான கணக்கும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. விகித டேபிளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, விகிதம் என்று வைத்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் பெரிய அளவில் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. ஆகவே விகித டேபிளில் ஒரே நெய்க்கு இரண்டு பதிவுகள். டிலுக்கப்பின் நிபந்தனையில் பில் தேதியை ஒட்டி, "இந்தத் தேதி எந்தப் பதிவுக்குள் விழுகிறது" என்று கேட்கிறீர்கள்.

2025 அக்டோபர் 5-ஆம் தேதி பில்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அமைப்புள்ள கணினியில் அந்தத் தேதியைச் சரத்தோடு ஒட்டினால் 05-10-2025 என்று போகும். ஆனால் ஆக்சஸ், நிபந்தனைக்குள் ஹாஷ் குறிகளுக்கு நடுவே வரும் தேதியை அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் என்றுதான் படிக்கும். ஆகவே அது மே 10 ஆகிறது. மே 10-க்கு நெய்யின் விகிதம் 12 சதவீதம். ரிப்போர்ட்டில் பழைய விகிதம் வந்துவிட்டது. அதே மாதம் 25-ஆம் தேதி பில்லுக்கு இப்படி நடக்காது. 25 என்று ஒரு மாதம் இல்லாததால் ஆக்சஸ் தானே திருப்பிப் போட்டுச் சரியாகப் படித்துவிடும். எனவே தப்பு மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் வரும். மாதக் கடைசியில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். டிலுக்கப்பை வைத்துக்கொள்வதாக இருந்தால் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஃபார்மேட் செய்துதான் ஒட்ட வேண்டும். ஜாயினில் தேதி தேதியாகவே ஒப்பிடப்படுவதால் இந்தப் பேச்சே எழாது.

தேதி வரம்பை வைத்து ஜாயின் போடலாம்: பொருள் எண் சமம், பில் தேதி ஆரம்பத் தேதிக்குக் குறையாமல், முடிவுத் தேதியைத் தாண்டாமல். டிசைன் வியூவால் இதை வரைந்து காட்ட முடியாது, குவெரியை எழுத்தாகக் காட்டும் எஸ்க்யூஎல் வியூவில் எழுத வேண்டும். ஓடும். ஆனால் என் ஆலோசனை வேறு. பில் போடும் நேரத்திலேயே விகிதத்தைப் பில் வரியில் ஒரு ஃபீல்டாக எழுதி வைத்துவிடுங்கள். அன்றைக்கு என்ன விகிதத்தில் ஜிஎஸ்டி வாங்கினீர்கள் என்பது அந்தப் பில்லைச் சேர்ந்த உண்மை. நாளைக்கு விகித டேபிளில் யாரோ கை வைத்தால் போன வருஷப் பில் மாறக்கூடாது. விலைக்கும் இதே நியாயம்தான். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்று படித்தவர்கள் இதற்குத் தயங்குவார்கள், தயங்க வேண்டியதில்லை. இன்றைய விகிதமும் அன்று வசூலித்த விகிதமும் ஒரே தகவல் இல்லை. இப்படிச் செய்தால் ரிப்போர்ட்டில் தேடலே தேவைப்படாது. பில் போடும் ஃபார்மில் வரிக்கு ஒரு டிலுக்கப் போட்டால் போதும், அங்கே அது யாரையும் காக்க வைக்காது.

நான்காவது டிசம். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதுதான் தின்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் "இதுவரை வந்த எல்லாவற்றையும் கூட்டு" என்று கேட்டால், முதல் வரிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, கடைசி வரிக்கு 12,000 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 7 கோடியே 20 லட்சம் வரிகளைத் தொட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்தால் இது குறையும், ஆனால் அதிகம் வாங்கும் நாலைந்து பேரிடம் மறுபடி வீங்கும். தரவு இரண்டு மடங்கானால் இந்த வேலை நான்கு மடங்காகும் என்பதுதான் இதன் குணம். ரிப்போர்ட் படிப்படியாக இல்லாமல் திடீரென்று கெட்டுப்போனதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு ஆக்சஸ் ரிப்போர்ட்டிலேயே மருந்து இருக்கிறது. தொகை வரும் டெக்ஸ்ட் பாக்ஸைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளில் ரன்னிங் சம் என்பதைப் பாருங்கள். அதில் ஓவர் குரூப் என்று வைத்தால், ரிப்போர்ட் மேலிருந்து கீழே போகும்போதே கூட்டிக்கொண்டு போகும், அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு வரியையும் ஒரே ஒருமுறை தொட்டால் போதும். இதற்கு ரிப்போர்ட் வாடிக்கையாளர் வாரியாகக் குரூப் ஆகி, உள்ளே தேதி வாரியாக வரிசையில் இருக்க வேண்டும். மாத ஆரம்பத்துக்கு முந்தைய பாக்கி வேண்டுமென்றால், அந்தத் தேதிக்கு முந்தைய வரிகளை வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டும் ஒரு டோட்டல்ஸ் குவெரியைத் தனியாகச் சேமியுங்கள். அதை அடிப்படைக் குவெரியோடு லெஃப்ட் ஜாயின் செய்து, பழைய பாக்கி இல்லாதவர்களுக்கு வெற்று மதிப்பைப் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆரம்பப் பாக்கியும் ஓடும் கூட்டலும் சேர்ந்தால் நீங்கள் கேட்ட பாக்கி.

இதற்கு சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். எஞ்சினுக்குப் புரிகிற மொழியில் இருப்பதால் டிசம்மைவிடப் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் ஃபீல்டுகளைப் பட்டியலிடும் செலக்ட் பகுதியில் சப்குவெரி வைத்த குவெரியை ரிப்போர்ட்டுக்குக் கொடுத்து, ரிப்போர்ட்டில் குரூப் போட்டதும், சப்குவெரியில் பல அடுக்கு குரூப் பை கூடாது என்று ஆக்சஸ் நிறுத்திவிடுவது உண்டு. நன்றாக ஓடிய குவெரி ரிப்போர்ட்டில் மட்டும் ஏன் நிற்கிறது என்று தேடி அலைவதைவிட, சேமித்த டோட்டல்ஸ் குவெரியோடு ஜாயின் செய்வது நிம்மதி.

டிலுக்கப்புக்குப் பதிலாக வேகமான ஒரு ஃபங்ஷனை நாமே எழுதலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். ஆக்சஸ் நிபுணர் ஆலன் பிரௌன் எழுதிய ஈலுக்கப் (ELookup) என்ற ஃபங்ஷன் ஆக்சஸ்காரர்களிடையே பிரபலம். பல வரிகள் பொருந்தினால் எது முதலில் வர வேண்டும் என்று வரிசையும் சொல்ல முடியும் என்பது அதன் நல்ல அம்சம். போன முறை தேடிய எண்ணையும் விடையையும் ஒரு ஸ்டேட்டிக் மாறியில் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன், வாடிக்கையாளர் வாரியாக வரிசைப்படுத்திய ரிப்போர்ட்டில் பெரும்பாலான தேடல்களைத் தவிர்த்துவிடும். ஆனால் ஜாயின் போட முடிகிற இடத்தில் இவை எதுவும் ஜாயினுக்கு ஈடாகாது.

ஜாயினுக்கும் ஒரு விலை உண்டு. டோட்டல்ஸ் குவெரியைச் சேர்த்த குவெரியில் தரவைத் திருத்த முடியாது. ரிப்போர்ட்டில் யாரும் திருத்தப் போவதில்லை, அதனால் கவலையில்லை. ஆனால் அதே குவெரியை ஒரு ஃபார்மும் பயன்படுத்தினால், திடீரென்று எதையும் டைப் செய்ய முடியவில்லை என்று புகார் வரும். ஃபார்முக்கும் ரிப்போர்ட்டுக்கும் தனித்தனிக் குவெரி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் என்ற தனி டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், இந்த வேலையை முன்பே முடித்துவிடுங்கள். சர்வருக்கு மாறினால் எல்லாம் வேகமாகிவிடும் என்று நம்பிப் போய், டிலுக்கப் அப்படியே இருப்பதால் முன்னைவிட மெதுவாகிப் போனவர்கள் உண்டு. ஒவ்வொரு தேடலும் சர்வருக்கு ஒரு தனிப் பயணமாகிறது. டிலுக்கப்பை நிபந்தனைப் பகுதியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். சர்வருக்கு அந்த ஃபங்ஷன் தெரியாது என்பதால் அந்த நிபந்தனையை அங்கே அனுப்ப முடியாமல், வரிகளைக் கொத்தாக இங்கே இழுத்து இங்கேதான் சலிக்க வேண்டியிருக்கும். சர்வரிலேயே ஒரு வியூ (சேமித்த குவெரி) எழுதி அதை லிங்க் செய்வது நல்ல வழி. அங்கேயும் பெயரைத் தேடித் தரும் ஸ்கேலார் (ஒரே ஒரு மதிப்பைத் தரும்) ஃபங்ஷன் எழுதி செலக்ட்டில் போட்டுவிடாதீர்கள். வரிக்கு ஒருமுறை ஓடும் அதே நோய்தான். 2019 பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வர் இப்படிப்பட்ட சில ஃபங்ஷன்களைப் பிரித்துக் குவெரிக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட் கருவியான ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் 2008 ஆர்2 முதல் இருக்கும் லுக்கப், ஏற்கெனவே கொண்டு வந்த இரண்டு டேட்டாசெட்டுகளுக்குள் தேடுவது. இரண்டும் வெவ்வேறு சர்வர்களிலிருந்து வந்தால் அதுதான் கை கொடுக்கும். ஒரே டேட்டாபேஸ் என்றால் அங்கேயும் ஜாயின்தான்.

டிலுக்கப்பை முழுக்கத் துரத்த வேண்டுமா? வேண்டாம். கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், முகவரி போன்றவை ரிப்போர்ட்டின் தலைப்பில் ஒரே ஒருமுறை வருகின்றன. அவற்றுக்கு அது பொருத்தமான கருவி. ஒவ்வொரு வரிக்கும் ஓடும் டீட்டெயில் பகுதியிலோ, குவெரியின் ஃபீல்டிலோ அது இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மாற்றும்போது பழைய ரிப்போர்ட்டை அழிக்காதீர்கள். நகல் எடுத்து அதில் ஒரு நேரத்தில் ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் மூன்றைப் பாருங்கள்: எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு, எவ்வளவு நேரம். முதலில் டிசம்மை எடுங்கள், வித்தியாசம் அதில்தான் அதிகம் தெரியும். இரண்டாவது முறை ஓட்டும்போது தரவு ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் என்பதால் நேரத்தை ஒப்பிட ஆக்சஸை மூடித் திறந்து அளந்து பாருங்கள். வரி எண்ணிக்கை குறைந்தால் எங்கோ லெஃப்ட் ஜாயினுக்குப் பதில் சாதாரண ஜாயின் விழுந்திருக்கிறது. கூடினால் தேடப்படும் டேபிளில் ஒரே எண் இரண்டு முறை இருக்கிறது. எண்ணிக்கையும் விற்பனைத் தொகையும் மாறாமல் ஜிஎஸ்டி தொகை மட்டும் மாறினால், மாதத்தின் முதல் 12 நாட்களின் பில்களை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அந்த நிலையில் புது ரிப்போர்ட்தான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ரிப்போர்ட்டை வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்திருந்தால் அந்த மாதங்களை உங்கள் கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.